முதுகில் புள்ளி வைத்தவள்

மழலையர் பள்ளியில் அவளைத் துண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது ஆயா. நாலு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, நாற்பத்து மூன்று வயதான ஒருத்தி அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்து, கையில் டார்ச்சோடு, "கப்பல்ல ஒரு துண்டு குறையுது, பெருக்கும்போது பாத்தியா" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர்தான் வரும்.

தேடியதெல்லாம் பஸில் துண்டு. அந்தப் பள்ளியில் இரண்டு அறை, ஒரு நீளமான நடை, முழங்கால் உயரத்தில் இரண்டு குழாய், முப்பத்தொரு பிள்ளைகள். இரண்டாவது அறையின் ஜன்னலோரம் அவள் ஆட்சி. ஒரு தாழ்வான மேசை, நாலு குட்டி நாற்காலி, அலமாரியில் முப்பத்தெட்டு டப்பா. டீச்சருக்குப் படித்தவள் இல்லை அவள். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம் பசை தடவியவள். கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருஷத்தில் முறிந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "அது அப்பவே குப்பைக்குப் போயிடுச்சு" என்பாள், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். பள்ளிக்கு ஆயாவாகத்தான் வந்தாள். வந்த இரண்டாம் வருஷம், பசு பஸிலில் ஒரு கால் தொலைந்துபோய், தூக்கிப் போட எடுத்து வைத்திருந்தார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய அட்டையை வெட்டி, வர்ணம் பூசி, மறுநாள் நாலு காலோடு பசுவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதிலிருந்து ஜன்னலோரம் அவளுக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்த ஒன்பது வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேலே குமிழ் வைத்த மரத்துண்டை மூன்று விரலால் தூக்குகிற பிள்ளை, ஆறு மாதத்தில் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும். துண்டு உள்ளே போகாவிட்டால் முஷ்டியால் குத்துகிற பிள்ளைக்கு, "குத்தினா போகாது கண்ணு, திருப்பு" என்று முன்னூறு தடவை சொல்லவேண்டும். முன்னூற்றோராவது தடவை அது தானாகவே திருப்பும். அந்த நிமிஷம் அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். மூலைத் துண்டு எது, ஓரத் துண்டு எது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு யோசனை வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துப் பிள்ளை முடிக்கும்வரை காத்திருக்கிற பிள்ளைக்குப் பொறுமை வந்துவிட்டது. இதையெல்லாம் வருஷத்துக்கு ஒரு நோட்டு வாங்கி எழுதி வைப்பாள். 'ஆறு துண்டு, தனியாக, அழவில்லை.' 'ஒன்பது துண்டு, ஒன்றை எறிந்தான், பிறகு தானே எடுத்து வந்தான்.' பிள்ளை பஸில் போடும்போது அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். கை முன்னால் இருந்தால் உதவிக்கு ஓடிவிடுமாம்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் புள்ளி. டப்பாவுக்கு ஒரு நிறம், துண்டுக்கு ஒரு எண்ணிக்கை. மேல் இடது மூலைத் துண்டுக்கு ஒரு புள்ளி, அதற்கு அடுத்ததற்கு இரண்டு, இப்படியே வரிசையாகப் பன்னிரண்டு வரைக்கும். நாலு மணிக்கு டப்பாவைக் கவிழ்ப்பாள், துண்டின் முதுகைப் பார்ப்பாள், அதன் இடத்தில் மல்லாத்தி வைப்பாள். படத்தைப் பார்க்கவே வேண்டாம். பன்னிரண்டும் இருந்தால் டப்பா மூடும். இல்லாவிட்டால் டார்ச்.

"உங்க வீட்டு உப்பு டப்பாவுக்கும் புள்ளி வச்சிருப்பீங்களேக்கா" என்றாள் ஆயா ஒருநாள்.

"வச்சிருக்கேன். மூணு."

ஆயா சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

அவளுக்கு ஒரே தம்பி. லாரி ஓட்டுகிறவன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். அவன் மனைவிக்கு, ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. இவர்களுக்கு ஒரே மகள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள்கிற பழக்கம் அதற்கு. அதனால் அணில் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நாலரை வயதாகியும் அணிலுக்குப் பேச்சு வரவில்லை. மொத்தம் ஏழு வார்த்தை, அதில் ஒன்று 'த்தை'.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊரின் மறுகோடியில் பேச்சுப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது, சின்ன வயதில் சேர்த்தால் பலன் அதிகம், இந்த வருஷம் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றார். தம்பி மனைவி அன்றைக்கே வேலையில் லீவு கேட்டுவிட்டாள். துண்டக்காதான் குறுக்கே விழுந்தாள்.

"அங்க கொண்டுபோய் விட்டா அவ்ளோதான், நெத்தியில எழுதி ஒட்டிடுவாங்க. அப்புறம் எந்த ஸ்கூல்ல எடுப்பான்? ஒரு வருஷம் என்கிட்ட விடு. நான் பாத்த புள்ளைங்க எத்தனை. இவ மந்தம் இல்லம்மா, கண்ணப் பாரு."

"அண்ணி, மந்தம்னு நான் சொல்லலையே. பேச்சு வரலன்னுதான்..."

"பேச்சு வரும். முதல்ல யோசனை வரட்டும். பின்னாடியே பேச்சு வரும். என் பொறுப்பு."

போனில் தம்பி, பின்னால் லாரி இரைச்சலோடு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவன் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற வசனம் அது. தம்பி மனைவி டாக்டர் சீட்டை மடித்து வைத்தாள். லீவு கேட்டதை ரத்து செய்துகொண்டாள். நிலையத்தில் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போனது.

அணில் அத்தையின் பள்ளிக்கே வந்தது. காலையில் மற்றப் பிள்ளைகளோடு, நாலு மணிக்கு மேல் அத்தையோடு. அம்மாவுக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும். அதுவரை அத்தை டப்பா டப்பாவாகக் கவிழ்த்து மூடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். தினமும் ஒன்றரை மணி நேரம், வாயைத் திறக்காமல். இப்படிப் பொறுமையாக உட்காருகிற பிள்ளையை மந்தம் என்று எவன் சொல்வான் என்று அவளுக்குள் ஒரு கர்வம்.

நாலு துண்டில் ஆரம்பித்தது. முதல் மூன்று மாதம் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று ஆறு துண்டைப் போட்டுவிட்டது. அடுத்த மாதமே ஒன்பது. வருஷம் முடிவதற்குள், பன்னிரண்டு துண்டுக் கப்பலை ஒரு நிமிஷத்தில் போட்டது. அவளுடைய ஒன்பது நோட்டிலும் அப்படி ஒரு வேகம் கிடையாது. ஆயா ஈரக்கை காயும்வரை நின்று பார்த்தாள். "நான் இதப் போட்டா சாயங்காலம் ஆயிடும்க்கா" என்றாள். அணில் ஒவ்வொரு துண்டையும் எடுத்து முன்னும் பின்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கும். துணிக்கடையில் முந்தானையைத் திருப்பிப் பார்க்கிற பெரிய மனுஷி மாதிரி. துண்டக்கா இதை நோட்டில்கூட எழுதினாள்: 'நன்றாக ஆராய்ந்து வைக்கிறாள்.'

பக்கத்துத் தெருப் பெரிய பள்ளியில் முதல் வகுப்புக்கு இடம் வேண்டுமானால் ஒரு பரிசோதனை உண்டு. மழலையர் பள்ளியின் பெரிய டீச்சர் விசாரித்துச் சொன்னாள்: "பேசாத புள்ளைன்னா பஸிலுக்குத்தான் மார்க் அதிகம். அதுல தேறிட்டா எடுத்துப்பாங்க. இல்லன்னா கஷ்டம்."

"பஸிலா?" என்று துண்டக்கா கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அணிலைத் தோளில் தூக்கிக்கொண்டே நடந்தாள். தம்பி மனைவியிடம், "எழுதி வச்சுக்கோ, இடம் கிடைச்சாச்சு" என்றாள். தம்பி மனைவி பள்ளிச் சீருடைத் துணியே வாங்கிவிட்டாள்.

பரிசோதனை பெரிய பள்ளியின் நூலக அறையில் நடந்தது. பரிசோதிக்க வந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். குரலை உயர்த்தாத பெண். உறவுக்காரர் உள்ளே இருக்கலாம், கதவுப் பக்கம் உட்காரவேண்டும், பேசக்கூடாது என்றாள். துண்டக்கா உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு புத்தம்புது டப்பாவை எடுத்தாள். ஒன்பது துண்டு. குடை பிடித்த நாய். "இந்த நாயை முழுசா ஆக்கிக் காட்டுறியா?"

அணில் முதல் துண்டை எடுத்தது. திருப்பிப் பார்த்தது. முதுகு வெறும் மரம். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. அதுவும் வெறும் மரம். மூன்றாவது. நாலாவது. ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, குனிந்து பார்த்தது. ஒரு துண்டின் முதுகை விரலால் தேய்த்துப் பார்த்தது. அழுக்குக்கு அடியில் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. ஒரு வருஷமாகத் தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எதைக் கற்றுக்கொண்டது என்று புரிந்தது. அது கப்பலைப் போடவில்லை. அத்தை எப்படிச் சரிபார்ப்பாளோ அப்படிச் சரிபார்த்திருக்கிறது. முதுகைப் பார், எண்ணு, மல்லாத்தி வை. படத்தை அது ஒரு தடவையாவது பார்த்ததா என்பதே சந்தேகம்.

அணில் ஒன்பது துண்டையும் எடுத்து டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி மூடியது. பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"முடிச்சிட்டியா?" என்று பரிசோதகர் கேட்டாள். அணில் அவளைப் பார்த்தது. அவள் தாளில் ஏதோ எழுதினாள்.

"ஒரு நிமிஷம்மா" என்று துண்டக்கா எழுந்துவிட்டாள். "அவளுக்குத் தெரியும். நான் புள்ளி வச்சிருக்கேன், பின்னாடி. அதுல புள்ளி இல்ல, அதனாலதான். என் டப்பா கைவசம் இருக்கு, அதக் குடுத்துப் பாருங்க."

"உக்காருங்க" என்றாள் பரிசோதகர். கோபமில்லை. "முடியட்டும், பாக்கலாம்."

மற்றக் கேள்விகள் முடிந்த பிறகு, சொன்னபடியே கப்பல் டப்பாவைக் கொடுத்தாள். அணில் ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டது. துண்டக்காவுக்கு மூச்சு திரும்பி வந்தது. பரிசோதகர் துண்டுகளைக் கலைத்தாள். பையிலிருந்து ஒட்டும் டேப்பை எடுத்து, பன்னிரண்டு முதுகிலும் புள்ளி தெரியாமல் ஒட்டினாள். பிறகு அதே கப்பலை மறுபடி கொடுத்தாள்.

அணில் ஒரு துண்டைத் திருப்பியது. டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டியது. அதற்கு மேல் எதையும் தொடவில்லை.

"பன்னெண்டு வரைக்கும் எண்ணியிருக்காம்மா" என்றாள் துண்டக்கா. அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை, சந்தையில் பேரம் பேசுகிற குரல். "யாரும் சொல்லித் தரல. பாத்தே எண்ணியிருக்கா. எந்தப் புள்ளி எந்த இடம்னு மனசுல வச்சிருக்கா. இது புத்தி இல்லையா?"

"புத்திதான்."

"அப்ப எழுதுங்க."

"எழுதறேன்." அவள் தாளின் ஓரத்தில் நிஜமாகவே எழுதினாள். "ஆனா மார்க் போடறது இந்தக் கட்டத்துலதான். படத்தப் பாத்து, எது எதோட சேரும்னு யோசிக்கிறாளான்னு கேட்டிருக்கு. அத நான் பாக்கலையே. நீங்க சொந்தக்காரங்க, உங்க பேச்ச மட்டும் வச்சு நான் எப்படி எழுதுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷமே பேச்சுப் பயிற்சிக்கு யாரும் சொல்லலையா?"

துண்டக்கா கப்பல் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். அந்தப் பெண் கடுமையாகப் பேசியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

மறுநாள் விஷயத்தை மறைக்காமல் பெரிய டீச்சரிடம் சொன்னாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அப்ப மத்தப் புள்ளைங்க?"

அதைத்தான் ராத்திரியெல்லாம் இவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று நாலு மணிக்கு மேல் ஆயாவும் அவளும் உப்புத்தாளை வைத்துக்கொண்டு புள்ளிகளைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு டப்பா, மூன்று நாள். மேசையெல்லாம் நிறம் நிறமாகத் தூள். முடிந்த மறுநாள், பன்னிரண்டு துண்டு போடக்கூடிய பதினாலு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒன்பது பேர் போட்டார்கள். ஐந்து பேர் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒன்பது பேர் போட்டாங்கள்ல" என்றாள் ஆயா. "அஞ்சு புள்ளைக்காக மொத்தத்தையும் குழியில போட்டு மூடுவீங்களாக்கா?"

"இந்த வருஷம் அஞ்சு. போன வருஷம் எத்தனை? அதுக்கு முந்தி?"

ஆயா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்கப் போனாள். அதற்கு யாரிடமும் பதில் இருக்க முடியாது. ஒன்பது நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 'தனியாக, அழவில்லை.' அதில் எது படத்தைப் பார்த்தது, எது புள்ளியைப் பார்த்தது? அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தெந்த வகுப்பிலோ. யாரையாவது பிடித்து நிறுத்தி நீ உண்மையிலேயே போட்டாயா என்று கேட்கமுடியுமா. பெரிய டீச்சர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஜன்னலோரம் அவளிடமே இருந்தது. அனுப்பியிருந்தால் ஒருவேளை அழுதிருக்கலாம்.

பெரிய பள்ளியிலிருந்து இடமில்லை என்று தாள் வந்தது. தம்பி மனைவி அதை நின்றபடியே படித்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்ந்துபோன விரல் வரி வரியாகக் கீழே இறங்கியது.

"அந்த நிலையத்துக்கு மத்தியானம் போன் பண்ணிட்டேன் அண்ணி" என்றாள். "இந்த வருஷம் இடம் இல்லையாம். அடுத்த வருஷத்துக்குப் பேர் குடுத்திருக்கேன். முன்னாடி இருபத்திரண்டு பேர் இருக்காங்களாம்."

"நான்தான்மா. என் தப்பு. உன் வாய மூடவச்சது நான்தான்."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"வேணும்னு செஞ்சிருந்தாகூடப் பரவால்ல போல இருக்கு."

தம்பி மனைவி தாளை நாலாக மடித்தாள். "அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவள் குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று துண்டக்காவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை.

மழலையர் பள்ளியில் வயது வரம்பு முடிந்துவிட்டது. அணில் அம்மாவோடு சலவைக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தது. மடித்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில், ஆவி அடிக்கிற மூலையில், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று அங்கே எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டக்கா போவாள். மூன்று ஞாயிறு வெறுங்கையோடு போனாள். நாலாவது ஞாயிறு, புதிதாக ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டு துண்டு, ரயில் படம், முதுகு சுத்த வெள்ளை. தம்பி மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அத்தையும் அணிலும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

அணில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பியது. வெள்ளை. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு துண்டைக் கொண்டுபோய் அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தது.

அத்தை அசையவில்லை. அடுத்த துண்டு. அதையும் திருப்பியது, நிமிர்ந்து பார்த்தது, சரியான இடத்தில் வைத்தது. மூன்று, நாலு, ஐந்து. ரயில் பெட்டி பெட்டியாகச் சேர்ந்து வந்தது. தம்பி மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணி." கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. "புள்ளி இல்லாமலே போடறாளே."

ஏழாவது துண்டுக்குத்தான் துண்டக்கா கவனித்தாள். அணில் படத்தைப் பார்க்கவில்லை. அத்தையின் கண்ணைப் பார்க்கிறது. துண்டைப் பார்த்ததும் அத்தையின் கண் எந்த இடத்துக்கு ஓடுகிறதோ, அந்த இடத்துக்குக் கை போகிறது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துண்டு தரையில் வைக்கப்படுகிற ஓசைக்காகக் காத்திருந்தாள். முப்பது வரை எண்ணினாள், அறுபது வரை எண்ணினாள். ஓசை வரவில்லை.

"ஏன் நிறுத்திட்டா?" என்று வாசற்படியிலிருந்து தம்பி மனைவி கேட்டாள். "இவ்ளோ நேரம் நல்லாத்தானே போட்டா. என்னாச்சு அண்ணி?"

துண்டக்கா கண்ணைத் திறந்தாள். எட்டாவது துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அணில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "யோசிக்கிறா."

ரயிலின் கடைசிப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தை அவள் பார்த்தாள். அணில் துண்டை அங்கே வைத்தது.